மிச்சத் தூரம்

மாடுகள் தாண்டாதிருக்க ரோட்டின் குறுக்கே பதித்த கம்பித் தடுப்பின் மேல் வண்டி தடதடத்துத் தாண்டியபோது திரையில் முந்நூறு இருந்தது. நொலீன் அதைத் தற்செயலாகத்தான் பார்த்தாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து, வாரிக்குக்குப் பாதியும் தனக்குப் பாதியுமாகத் தேநீர் ஊற்றி, மடியில் சிந்தியதைத் துடைத்து, ஒரு பிஸ்கட்டை நனைத்துத் தின்றுவிட்டு நிமிர்ந்தால் இருநூற்று அறுபது. கேரவனை இழுத்துக்கொண்டு அவன் ஓட்டும் வேகத்துக்கு, அந்த நேரத்தில் பத்துக் கிலோமீட்டர் போயிருந்தாலே அதிகம்.

"வாரிக், இது ஏன் இப்படிக் குறையுது?"

"எது?"

"டீசல் நம்பர். இருக்கற டீசல் இன்னும் எத்தனை கிலோமீட்டர் வரும்னு காட்டுமே, அது. தடுப்புகிட்ட முந்நூறு காட்டுச்சு."

"அது கணக்குப் போட்டுக்கிட்டே இருக்கும் நொல். ஏறும், இறங்கும். கொஞ்ச நேரத்துல சரியாயிடும்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டு வரும் தொனி அது. ஓய்வு பெறும்வரை வாரிக் நெடுஞ்சாலையில் லாரிகளை எடைபோடும் சாவடியில் அதிகாரி. லாரிக்காரன் தலையால் தண்ணீர் குடித்தாலும் நடக்காது, எடைப்பாலத்தின் திரை என்ன சொல்கிறதோ அதுதான் அவனுக்கு வேதம். ஓய்வு பெற்ற பிறகு எடைபோட லாரி இல்லாததால் கேரவனைப் பிடித்துக்கொண்டான். தட்டுகளை மாற்றினான், அலமாரிக் கதவுகளைக் கழற்றினான், அவளுடைய பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட அறுத்துவிட்டு, இதெல்லாம் சேர்ந்தால் எவ்வளவு தெரியுமா என்று கேட்டான். பழிக்குப் பழியாக அவள் ஒரு வார்ப்பிரும்புச் சட்டியைப் போர்வைக்குள் சுற்றி எடுத்து வந்திருந்தாள். கரி நெருப்பில் புதைத்து ஆட்டுக்கால் வேக வைக்க அதைவிட்டால் வேறு பாத்திரம் கிடையாது என்பது அவள் கட்சி.

காலையில் மெரிடேல் ஊரில் டீசல் போட்டிருக்கலாம். போட்டிருக்க வேண்டும். ஆனால் அது குதிரைப் பந்தய வாரம். சுற்றுவட்டாரத்துப் பண்ணைகளில் நடமாடக்கூடிய எல்லா உயிரும் அந்த ஊருக்குள் வந்து சேர்ந்திருந்தது. ஒரே பங்க்கின் முன்னால் வரிசை மதுக்கடையைத் தாண்டிப் போலீஸ் ஸ்டேஷன் வரை நின்றது. வாரிக் வரிசையைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். கர்லூ போர் என்ற இடத்தில்தான் அடுத்த பங்க், அதற்கு இருநூற்று எண்பது கிலோமீட்டர், டாங்கில் நானூற்று இருபதுக்கு இருக்கிறது, எதற்கு இந்த வெயிலில் நிற்க வேண்டும் என்றான். கடற்கரையில் மகள் வீட்டில் கேரவனை விட்டுவிட்டு வெறும் வண்டியைத்தான் ரெண்டு வாரமாக ஓட்டிக்கொண்டிருந்தோம், அந்தக் கணக்கைத்தானே இது சொல்லும் என்று நொலீன் கேட்டாள். சொல்லிப் பார்த்தாள் என்பதுதான் சரி. அவன் அதற்குள் வண்டியைத் திருப்பிவிட்டான்.

இப்போது எதிர்க்காற்று. மேற்கிலிருந்து, நேராக முகத்துக்கு. கேரவனின் அகன்ற நெற்றி அந்தக் காற்றை மொத்தமாக வாங்கிக்கொண்டு வண்டியைப் பின்னால் இழுப்பதை முதுகில் உணர முடிந்தது. தார் இல்லாத ரோடு முழுக்கக் குறுக்குவரிகள் எழும்பிக் கிடந்தன. அவற்றின் மேல் ஓடும்போது கதவு, கைப்பிடி, கரண்டி, பல் எல்லாம் ஒரே சுருதியில் அதிர்ந்தன. கிட்ஜி மரங்களின் அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம் ஏசி வழியாக உள்ளே வந்து போகமாட்டேன் என்றது. இரண்டு பக்கமும் சிவப்பு மண், சாம்பல் புல், அதற்கப்பால் மறுபடி சிவப்பு மண். எதிரே ஒரு வண்டிகூட வரவில்லை. வர வேண்டியவர்கள் எல்லோரும் பந்தயத்தில் பீரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

வரைபடம் கர்லூ போருக்கு நூற்று நாற்பது என்று காட்டியபோது, அதற்குக் கீழே டீசல் தொண்ணூற்றைந்து என்று காட்டியது. இரண்டும் ஒரே திரையில்தான். ஒன்றின் கீழ் ஒன்று. வாரிக் அவற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டினான். பிறகு ஓரமாக நிறுத்தினான்.

"சொன்னேனா இல்லையா?" என்றாள்.

"சொன்ன."

"அவ்வளவுதானா? சொன்ன, அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும் நொல்? கையில எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா?"

அவள் ரேடியோவை எடுத்து, இந்த ரோடுகளில் எல்லோரும் கேட்கும் நாற்பதாம் சேனலில், கர்லூ ரோட்டில் யாராவது இருக்கிறீர்களா என்று மூன்று நான்கு தடவை கேட்டாள். இரைச்சல் மட்டும் வந்தது. முன்னால் உள்ள டிராயரில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஆன்டெனாவை நீட்டிப் பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோளுக்குச் செய்தி போகும், ஹெலிகாப்டர் வரும். அவள் டிராயரைத் திறந்ததுமே வாரிக் அதை மூடினான்.

"டீசல் தீர்ந்துபோச்சுன்னு ஹெலிகாப்டர் வரவைக்கறதா? பேப்பர்ல போடுவான். கிளப்புல எவன் மூஞ்சியில முழிக்கறது?"

"போன கோடையில அந்த ரெண்டு சின்னப் பசங்களை இதே ரோட்டுலதான் கண்டெடுத்தாங்க. அவங்க யார் மூஞ்சியிலயும் முழிக்கல."

"அவங்க வண்டிய விட்டு நடந்து போனாங்க. நாம நடக்கப் போறதில்ல. கேரவனை இங்க கழட்டி வைப்போம். வெறும் வண்டியோட கர்லூ போருக்குப் போய் டாங்கை ரொப்பிக்கிட்டு ராத்திரியே திரும்பி வந்துடலாம்."

வண்டியை விட்டு நகராதே என்பது இந்த நாட்டில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். கேரவனில் நிழல் இருந்தது, படுக்கை இருந்தது, ஒரு வாரத்துக்குச் சாப்பாடு இருந்தது. இங்கேயே இருந்து பெட்டியை அழுத்துவோம் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. தவிர அவளும் அந்தத் திரையைப் பார்த்திருந்தாள். நாற்பத்தைந்துதான் குறைகிறது. கேரவனை விட்டால் நிச்சயம் வந்துவிடும் என்று அவளுக்கும் தோன்றியது, அதுதான் எரிச்சலாக இருந்தது.

என்ஜினை அணைத்துவிட்டு அவன் இறங்கி, கேரவனைத் தாங்கும் ஜாக்கிச் சக்கரத்தை இறக்கி, சங்கிலிகளைக் கழற்றி, கொக்கியைத் தூக்கினான். நொலீன் உள்ளே உட்கார்ந்திருந்தாள். கேரவனின் மூக்கு வண்டியை விட்டு எழும்பியபோது வண்டியின் பின்பக்கம் ஒரு பெருமூச்சோடு உயர்ந்தது. அதே கணத்தில் திரையில் தொண்ணூற்றைந்து போய் நூற்று இருபத்தெட்டு வந்தது.

அவள் என்ஜின் சாவியைப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

"பாத்தியா," என்றான் வாரிக், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "நல்ல கம்ப்யூட்டர்."

"வண்டி ஓடவே இல்லையே. ஓடினாத்தானே கணக்குப் போடும்?"

"பின்னாடி ஸ்பிரிங்ல சென்சார் இருக்கும். எடை குறைஞ்சா அதுக்குத் தெரியும். இதெல்லாம் இப்ப வர்ற வண்டியில சாதாரணம்."

அது பொய் என்று சொல்லும் அளவுக்கு அவளுக்கு வண்டியைப் பற்றித் தெரியாது. அது உண்மை என்று சொல்லும் அளவுக்கு அவனுக்கும் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

இன்னும் பன்னிரண்டு குறைந்தது. வாரிக் பின்கதவைத் திறந்தான். மடக்கு நாற்காலிகள், கருவிப் பெட்டி, காஸ் அடுப்பு, உதிரிச் சக்கரம் என்று ஒவ்வொன்றாக இறக்கிக் கேரவனின் நிழலில் அடுக்கினான். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு என்று கேட்டான். அவள் நம்பரைப் படித்தாள். நூற்று முப்பது. நூற்று முப்பத்து நாலு. வார்ப்பிரும்புச் சட்டியைப் போர்வையோடு தூக்கியபோது அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். பழைய வாரிக்கின் சிரிப்பு. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இந்தச் சட்டி மட்டும் ரெண்டு கிலோமீட்டர் நொல். நம்ம ரெண்டு பேரையும் கொல்ல வந்த சட்டி." கடைசியில் நூற்று நாற்பத்தொன்று வந்தது. அவன் கையைத் துடைத்துக்கொண்டு ஏறினான். இதோ ஒரு கிலோமீட்டர் லாபம் என்றான்.

அந்த லாபம் முதல் திருப்பம் வரைகூட நிற்கவில்லை.

காற்று அதே காற்று. வண்டி இப்போது லேசாக, துள்ளலாக ஓடியது. வாரிக் ஏசியை அணைத்தான், ஜன்னலையும் திறக்கக்கூடாது என்றான், மாட்டு வண்டி வேகத்தில் முட்டையை மிதிப்பது மாதிரி மிதித்தான். வேர்வையில் இருக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அப்படியும் தூரம் ஒன்று குறைந்தால் டீசல் ஒன்றேகால் குறைந்தது. நொலீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள், ஒரு காய்ந்த மரத்தைப் பார்த்து, அடுத்த காய்ந்த மரம் வரும்வரை திரையைப் பார்ப்பதில்லை என்று சபதம் செய்வாள், பாதியிலேயே திரும்பிப் பார்த்துவிடுவாள். கர்லூ போர் நூறு. டீசல் தொண்ணூறு. சொல்லிவைத்தாற்போலக் கொஞ்சம் குறைச்சல். நிறையக் குறைந்திருந்தால் விட்டுத் தொலைத்திருக்கலாம். அதுதான் வயிற்றெரிச்சலாக இருந்தது.

வாரிக் நிறுத்தினான். பின்னால் போனான். இரண்டு தண்ணீர் கேன்களும் அங்கேதான் கட்டியிருந்தன.

"வேண்டாம்," என்றாள் நொலீன். இறங்கி அவன் முன்னால் போய் நின்றாள். "வாரிக். தண்ணிய மட்டும் தொடாத."

"ஒரு லிட்டர் ஒரு கிலோ நொல்."

"எனக்குத் தெரியும் ஒரு லிட்டர் எவ்வளவுன்னு."

"நூறு கிலோமீட்டர்ல நமக்குக் குழாய் இருக்கு, பீர் இருக்கு, அங்க கடை வெச்சிருக்கற டெல் போடற வறுத்த உருளைக்கிழங்கு இருக்கு. போய்ச் சேரலைன்னா இந்தத் தண்ணி ரெண்டு நாளைக்கு வரும். போய்ச் சேந்துட்டா இது வெறும் சுமை."

அவன் கத்தவில்லை. லாரிக்காரனிடம் அபராதச் சீட்டை நீட்டும்போது பேசுகிற, பொறுமையான, நியாயமான குரல். மூடியைத் திருகினான். தண்ணீர் சிவப்பு மண்ணில் விழுந்து, தேங்கக்கூட இல்லை, உள்ளே போய்விட்டது. எங்கிருந்தோ ஈக்கள் வந்தன. முதல் கேன் காலியானதும் அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றாறு.

இரண்டாவது கேனை அவளே கவிழ்த்தாள்.

ஏன் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. நாலுதான் குறைகிறது என்று நினைத்தது ஞாபகம் இருந்தது. இதைத் தீர்த்துவிட்டால் நிம்மதி என்று நினைத்ததும் ஞாபகம் இருந்தது. கேன் பாதியாகும்போது பயம் வந்தது. நல்ல, தெளிவான பயம், காலையிலிருந்து எரிச்சலுக்கு அடியில் காத்துக்கொண்டிருந்த பயம். ஆனால் கை நிமிரவில்லை. கடைசிச் சொட்டு விழுந்தபோது உள்ளே நூற்றொன்று என்று வந்தது. வாரிக் அவள் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

மறுபடி ஓட்டம். சூரியன் நேர் எதிரே இறங்கி, கண்ணாடியின் தூசியை ஆரஞ்சுத் திரையாக்கியது. வாரிக் ரோட்டைப் பார்க்கவே இல்லை என்பதை நொலீன் கவனித்தாள். அவன் கண் நம்பரில் இருந்தது. நம்பர் இறங்கும்போதெல்லாம் அவன் உதடு அசைந்தது. அவள் பேசினால் கையைத் தூக்கி நிறுத்தினான், பேச்சுக்கும் டீசல் செலவாகும் என்பது மாதிரி. ஒரு கங்காரு ரோட்டோரத்தில் நின்று அவர்களைப் பார்த்தது. அவன் பிரேக்கைத் தொடவில்லை. பிரேக் போட்டால் மறுபடி வேகம் எடுக்க எவ்வளவு போகும் என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

கர்லூ போர் அறுபது. டீசல் ஐம்பது.

இனி எறிய என்ன இருக்கிறது என்றுதான் அவள் நினைத்தாள். அவனுக்கு இருந்தது. ஸ்பானர் கருவிப் பெட்டியோடு போய்விட்டதால் பாக்கெட் கத்தியையும் ஒரு நாணயத்தையும் வைத்துப் பின்சீட்டின் போல்ட்டுகளைத் திருகினான். விரல் நுனியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. சீட்டை இழுத்து ரோட்டில் போட்டான். பிறகு தலை சாய்க்கும் திண்டுகள், கால் மிதியடிகள், ரேடியோ.

"ரேடியோவை எதுக்குப் பிடுங்கற?"

"யாரும் பேசலையே."

அவளுடைய கைப்பை போனது. பிளாஸ்க் போனது. அவன் ஷூவைக் கழற்றி ஜோடியாக ரோட்டோரம் வைத்தான். அவளும் கழற்றினாள், கழற்றச் சொன்னதால். மண் இன்னும் சுட்டது. ஐம்பத்தெட்டு. இரண்டு குறைந்தது. அவன் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அந்த நம்பரைப் பார்த்தான். வெளிச்சம் வற்றிக்கொண்டிருந்தது. காற்று விழுந்துவிட்டது. அது விழுந்த பிறகுதான் எவ்வளவு சத்தமாக இருந்தது என்று தெரிந்தது.

"காத்து நின்னுடுச்சு," என்றாள் நொலீன். "இப்ப போனா வந்துடும். ரெண்டுதானே. இந்த நம்பர் என்ன கல்வெட்டா?"

"ம்."

"இல்லைன்னா பெட்டியை அழுத்து. போதும் வாரிக். எனக்குப் பயமா இருக்கு."

"பின்கதவு சரியா மூடியிருக்கான்னு பாரு நொல். விளக்கு எரியுது."

எந்த விளக்கும் எரியவில்லை. அவள் அதைப் பார்த்தாள். பார்த்தும் இறங்கினாள். இத்தனை வருடம் அவன் பார் என்றால் இறங்கிப் பார்த்துப் பழகியவள். பின்னால் போய்க் கதவை அழுத்தினாள். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து தன் பக்கக் கைப்பிடியில் கை வைக்கும்போது உள்ளே பூட்டு விழுந்தது. டொக். நான்கு கதவுக்கும் ஒரே டொக்.

கண்ணாடிக்குள் திரை வெளிச்சத்தில் வாரிக்கின் முகம் நீலமாகத் தெரிந்தது. அவன் அவளைப் பார்க்கவில்லை.

"வாரிக்."

கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது.

"அறுபத்தாறு," என்றான். குரலில் ஆச்சரியம். மரியாதைகூட. "அறுபத்தாறு நொல்."

"கதவைத் திற."

"கேளு. கோவப்படாம கேளு. உன்னோட போனா ரெண்டு பேரும் நடுவுல நிப்போம். நான் மட்டும் போனா போய்ச் சேந்துடும், ஆறு மிச்சம்கூட இருக்கு. டீசலை வாங்கிக்கிட்டு நேரா இங்க வந்துடறேன். அந்தச் சீட்டு மேல உக்காந்துக்க. மெத்துன்னு இருக்கும்."

"பெட்டியக் குடு. அந்த ஆரஞ்சுப் பெட்டிய வெளிய குடு, அப்புறம் எங்க வேணா போய்த் தொலை."

"கண்ணாடிய இறக்கினா காத்து புகுந்து ரெண்டு குறையுது. இப்பவே ஒண்ணு குறைஞ்சுடுச்சு பாரு."

அவள் கண்ணாடியைக் கையால் அடித்தாள். கதவை உதைத்தாள், வெறுங்காலால். வலித்தது. என்னென்னவோ கத்தினாள். சட்டியிலிருந்து, மகள் கல்யாணத்துக்கு அவன் லேட்டாக வந்ததிலிருந்து, இத்தனை வருடத்து எரிச்சலும் ஒன்றாக வாய்க்கு வந்தது. எதுவும் அந்த நம்பருக்குச் சமமான எடையில் இல்லை. அவன் வருத்தமாகத்தான் தலையசைத்தான். கண்ணாடி ஏறியது. வண்டி நகர்ந்தது. மெதுவாக. டீசல் வீணாகாத அளவுக்கு மெதுவாக. அவள் பக்கத்திலேயே ஓடினாள். பிறகு பின்னால் ஓடினாள். பிறகு நின்றாள்.

சிவப்பு விளக்குகள் சிறிதாகின.

அவன் அவளை விட்டுப் போய்விட்டான். மனது அதை எடுத்துக்கொள்ளவே இல்லை. வாரிக் கஞ்சன். பிடிவாதக்காரன். சாகட்டும் என்று விட்டுப் போகிறவன் இல்லை. இல்லவே இல்லை. திரும்பி வருவான் என்று அவள் வாய்விட்டுச் சொன்னாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

கொஞ்ச தூரத்தில் பிரேக் விளக்கு எரிந்தது.

வண்டி நின்றது. உள்விளக்கு எரிந்தது. ஓட்டுநர் கதவு திறந்து வாரிக் இறங்கினான். கடவுளே, கடவுளே என்று அவள் ஓடினாள். முள் குத்தியது. கல் குத்தியது. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவனை அறைய வேண்டும். கட்டிப்பிடிக்க வேண்டும். முதலில் அறைய வேண்டும்.

அவன் அவளுக்காக நிற்கவில்லை.

திறந்த கதவு வழியாகக் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சிரைக்க வந்து நின்றபோது திரும்பி, உதட்டில் விரலை வைத்தான். பிறகு கதவைச் சாத்தினான். தூங்கும் குழந்தை எழுந்துவிடக்கூடாது என்பது போல, சத்தமே இல்லாமல்.

வண்டி நகர்ந்தது.

ஓட்டுநர் சீட்டில் யாரும் இல்லை. ஸ்டியரிங் கொஞ்சம் இடது பக்கம் திரும்பி, ரோட்டின் நடுவுக்கு வந்து, நேரானது. விளக்குகள் தாமாக எரிந்தன.

"இப்பத்தான் சரியா இருக்கு," என்றான் வாரிக். முகம் முழுக்க நிம்மதி. வருடக்கணக்காக அவள் அந்த நிம்மதியை அவன் முகத்தில் பார்த்ததில்லை. "எண்பதுக்கு மேல காட்டுது நொல். தாராளமா போய்ச் சேந்துடும்."

அவன் கையைப் பிடித்தாள். காய்ந்திருந்தது. சூடாக இருந்தது. அவனும் பிடித்துக்கொண்டான். இருவரும் வெறுங்காலோடு ரோட்டின் நடுவில் நின்று பார்த்தார்கள். தரை தட்டை. மரம் இல்லை. விளக்கு மறைய வழியே இல்லை. போனது. போய்க்கொண்டே இருந்தது.

நின்றது.

வெகு தூரத்தில் பிரேக் விளக்கு, இரண்டு சிவப்புப் பொட்டாக.

"ஏன் நிக்குது?" என்றான் வாரிக். "எண்பதுக்கு மேல இருந்துச்சே. எடை எதுவுமே இல்லையே உள்ள."

உள்விளக்கு எரிந்தது. பின்கதவு திறந்தது. சீட்டைக் கழற்றி எறிந்திருந்த அந்த இடத்திலிருந்து, ஒருவர் இறங்கினார். உயரமாக இருந்தார். இறங்கி முடிக்க நேரம் எடுத்தது. வண்டியின் பின்பக்கம் நன்றாக மேலே உயர்ந்தது.

கதவு சாத்தப்பட்டது. வண்டி லேசாக, வேகமாக, கர்லூ போரை நோக்கிப் போனது.

இறங்கியவர் வண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அவர்கள் இருந்த பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தார்.